கற்பித்தல் பயிற்சி

கற்பித்தல் பயிற்சி என்பது ஆசிரியராக விரும்பும் மாணவர் ஒருவர், தம் படிப்பின் ஒரு பகுதியாக உண்மையான பள்ளியொன்றில் குறிப்பிட்ட காலம் தங்கி, அங்குள்ள ஆசிரியரின் மேற்பார்வையில் வகுப்பெடுத்துக் கற்றுக்கொள்ளும் முறையாகும். இது பள்ளி உட்பயிற்சி எனவும் வழங்கப்படுகிறது. இலங்கையில் இதனைக் கட்டுறுப் பயிற்சி என்பர். கல்வி உளவியல், கல்வித் தத்துவம் போன்ற பாடங்களை நூலில் படிக்கலாம். ஆனால் நாற்பது குழந்தைகளை ஒரே நேரத்தில் கவனிப்பதையும், புரியாத குழந்தையைக் கண்டறிவதையும் வகுப்பறையில் நின்றுதான் கற்க இயலும் என்பதே இம்முறையின் அடிப்படை.

வரலாறு

திண்ணைப் பள்ளியும் சென்னை முறையும்

தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் தனியான ஆசிரியர் பயிற்சி இருக்கவில்லை. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். பிற்காலத்தில் ஆசிரியர் ஆகிறவருக்கு இதுவே பயிற்சிக்களமாகவும் அமைந்தது.

இம்முறை ஐரோப்பாவுக்குச் சென்றது சென்னை வழியாகும். 1789 இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கொண்டே இளையோருக்கு எழுத்துக் கற்பித்தார். பெல் இங்கிலாந்து திரும்பியபின், 1797 இல் இச்சோதனை பற்றிய அறிக்கையை இலண்டனில் வெளியிட்டார். அங்கு இது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லான்காஸ்டரும் இதனையொத்த முறையொன்றைப் பரப்பினார்.

1846 இல் இங்கிலாந்தில் மாணவ-ஆசிரியர் திட்டம் வந்தது. 13 வயது நிரம்பியவர்கள் ஐந்தாண்டுகள் பள்ளியிலேயே தொழில் பழகினர். குறைந்த செலவில் பெருந்தொகையான குழந்தைகளுக்குக் கற்பிக்க உதவினாலும், தாமே முழுமையாகக் கல்லாதவர்கள் பிறருக்குக் கற்பிக்கின்றனர் என்ற குறைபாடு இம்முறைகள் இரண்டிலும் சுட்டிக்காட்டப்பட்டது. பயிற்சிக் கல்லூரிகள் வளர்ந்ததற்கு இக்குறைபாடும் ஒரு காரணமாகும்.

சென்னை மாகாணத்தில் பயிற்சி நிறுவனங்கள்

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகத் தெரிவித்தது. இவற்றின் தரத்தை உயர்த்தத் தேர்ந்த ஆசிரியர்கள் தேவை எனக் கருதிய மன்றோ, 1826 இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நடுவண் பள்ளி ஒன்றையும், மாவட்டங்களிலும் தாசில்களிலும் பள்ளிகளையும் அமைக்கத் திட்டமிட்டார். அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்தார். தாசில் பள்ளிகள் 1830களில் கைவிடப்பட்டன.

1854 ஆம் ஆண்டின் உட் அறிக்கை ஆசிரியர் பயிற்சியை வலியுறுத்தியது. அதனைத் தொடர்ந்து 1856 இல் சென்னையில் அரசு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. பயிற்சி பெறுவோர் பாடம் நடத்திப் பழக அதனுடன் மாதிரிப் பள்ளியும் இணைக்கப்பட்டது. திருத்தணியில் 1888 இல் பிறந்து பின்னர் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றத் தொடங்கியபின் 1910 இல் இக்கல்லூரியில் எல்.டி. பயிற்சி பெற்றார். அவரது பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் இந்தியாவில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

விடுதலைக்குப் பின்

1964-66 காலப்பகுதியில் செயற்பட்ட கோத்தாரி ஆணையம், பயிற்சி நிறுவனங்கள் பள்ளிகளின் அன்றாட வாழ்விலிருந்து ஒதுங்கி நிற்பதைக் குறையாகச் சுட்டியது. 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின்படி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. திருவள்ளூர் மாவட்டத்துக்கான நிறுவனம் திரூரில் அமைந்துள்ளது. 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1995 இல் சட்டப்படியான அமைப்பானது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008 இல் நிறுவப்பட்டது.

பயிற்சியின் காலம்

நெடுங்காலமாக ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட். பட்டத்தில் ஏறத்தாழ 40 நாட்களே கற்பித்தல் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே. எஸ். வர்மா ஆணையம் 2012 இல் ஆசிரியர் கல்வியின் தரம் பற்றி அறிக்கை அளித்தது. இதன் விளைவாக வந்த 2014 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி:

* பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.
* பள்ளிசார்ந்த களப்பணி 20 வாரங்களாக உயர்த்தப்பட்டது. இதில் 4 வாரங்கள் முதலாண்டிலும், 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டிலும் அமையும்.
* தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பிலும் குறைந்தது 20 வாரப் பள்ளிப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது.

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை முன்வைத்துள்ளது.

பயிற்சியின் படிநிலைகள்

நுண்ணிலைக் கற்பித்தல்

பள்ளிக்குச் செல்லுமுன் பயிற்சியாளர் தம் சக மாணவர்களையே வகுப்பாகக் கொண்டு, சில நிமிடங்கள் மட்டும் பாடம் நடத்துவார். வினா கேட்டல், விளக்குதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் என ஒரு நேரத்தில் ஒரு திறன் மட்டுமே பழகப்படும். நிறைகுறைகளைக் கேட்டறிந்து அதே பாடத்தை மீண்டும் நடத்துவார். இம்முறை 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது.

உற்றுநோக்கல்

பள்ளியில் முதல் நாட்களில் பயிற்சியாளர் பின்வரிசையில் அமர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் பாடம் நடத்துவதைக் கவனித்து உற்றுநோக்கல் பதிவேட்டில் எழுதுவார். ஆசிரியர் எத்தனை வினாக்கள் கேட்டார், யார் விடையளித்தனர், யார் ஒருமுறையும் வாய் திறக்கவில்லை என்பன போன்றவை பதியத்தக்கவை.

வகுப்பெடுத்தல்

அடுத்து, பயிற்சியாளர் பாடக்குறிப்பு எழுதி ஒப்புதல் பெற்று வகுப்பெடுப்பார். பாடக்குறிப்பில் கற்றல் நோக்கம், ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, மதிப்பீடு, வீட்டுப்பாடம் ஆகிய பகுதிகள் இருக்கும். படங்கள், அட்டைகள், மாதிரிகள் முதலிய துணைக்கருவிகளையும் பயிற்சியாளரே உருவாக்குவார். வழிகாட்டி ஆசிரியரும் கல்லூரி விரிவுரையாளரும் வகுப்பைப் பார்வையிட்டுக் குறிப்பெழுதுவர். இவற்றுடன் அடைவுத் தேர்வு நடத்துதல், தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி ஆகியனவும் சேரும்.

எழுதி வைத்த பாடக்குறிப்பும் நடந்த வகுப்பும் வேறுபடும் இடத்தில்தான் பயிற்சியின் பயன் வெளிப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பத்து நிமிடத்தில் முடியும் எனக் கருதிய பின்னக் கணக்குக்கு, முந்தைய வகுப்பின் வகுத்தலே தெரியாத மாணவர்களால் ஒரு முழுப் பாடவேளை தேவைப்படலாம். குறிப்பை முடிப்பதா, குழந்தையோடு நிற்பதா என்ற முடிவைப் பயிற்சியாளர் அங்கேயே எடுக்க வேண்டியிருக்கிறது.

சிற்றூர்ப் பள்ளிகளும் எல்லைப் பகுதியும்

சென்னை - அரக்கோணம் தொடருந்துப் பாதையிலுள்ள மணவூர், அதனையடுத்த திருவாலங்காடு, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி ஆகிய ஊர்களைக் கொண்ட பகுதி, கற்பித்தல் பயிற்சியின் இரண்டு சிக்கல்களை விளங்கிக்கொள்ள ஏற்றதாகும்.

முதலாவது மொழி. திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தின்போது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து மட்டுமன்றிச் சொல்லும் புதிதாக இருக்கும். அக்குழந்தை விடை சொல்லாமல் இருப்பது அறியாமையால் அல்ல, சொல் கிடைக்காமையால் என்பதை உணர்வது பயிற்சியாளருக்கு முக்கியப் பாடமாகும்.

இரண்டாவது பல்வகுப்புக் கற்பித்தல். ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இருவர் நடத்துகின்றனர். பாடக்குறிப்போ ஒரே வகுப்பை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு, எல்லைக்கு அப்பால் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையத்தில் உருவானது. பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் ஏணிப்படியில் ஏறுவதுபோல் தன் வேகத்தில் முன்னேறும் முறை அது. அதனைத் தழுவிய செயல்வழிக் கற்றல் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 இல் தமிழகம் முழுவதும் விரிந்தது. விரிவுரை கேட்பதைவிட, அம்முறை நடைபெறும் பள்ளிகளுக்குச் சென்று பார்த்தே ஆசிரியர்கள் இதனைக் கற்றனர்.

பிற நாடுகளில்

இலங்கையில் 1980களின் நடுப்பகுதி முதல் தேசிய கல்வியியற் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. இங்கு முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிக் கற்றபின், மூன்றாம் ஆண்டு முழுவதும் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி பெறவேண்டும். இங்கிலாந்தில் 1993 முதல், பள்ளிகளே குழுவாக இணைந்து ஆசிரியர்களை உருவாக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது.

விமர்சனங்கள்

* பயிற்சியாளரை ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுசெய்யப் பள்ளிகள் பயன்படுத்துவதுண்டு. மேற்பார்வையின்றி வகுப்பு ஒப்படைக்கப்படும்போது பயிற்சியாளரும் மாணவரும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றனர்.
* பதிவேடுகளின் எண்ணிக்கை மிகுவதால், கவனம் வகுப்பிலிருந்து எழுத்துவேலைக்குத் திரும்புகிறது.
* வழிகாட்டி ஆசிரியருக்குத் தனி நேரமோ பயிற்சியோ பெரும்பாலும் அளிக்கப்படுவதில்லை.
* பயிற்சிக் காலம் நீண்டதால் செலவும் கூடியது. ஊதியமின்றிப் பல மாதம் பள்ளிக்குச் செல்வது ஏழைக் குடும்ப மாணவர்களுக்குச் சுமையாகிறது.
* ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழகத்தில் முதன்முதலாக 2012 இல் நடைபெற்றது. எழுத்துத் தேர்வாக உள்ள இதில், வகுப்பறையில் பெற்ற திறன் நேரடியாக மதிப்பிடப்படுவதில்லை.

குறுகிய காலப் பயிற்சியின் விலையை இறுதியில் செலுத்துவோர் புதிய ஆசிரியரின் முதலாண்டு மாணவர்களே என்பது நீண்ட பயிற்சியை ஆதரிப்போரின் வாதம். மேற்பார்வை சரியாக அமையாவிடின் காலத்தை நீட்டுவதால் மட்டும் பயனில்லை என்பது மறுதரப்பினரின் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* திண்ணைப் பள்ளிக்கூடம்
* செயல்வழிக் கற்றல்
* ஆசிரியர் தினம்
* ஆசிரியர் தகுதித் தேர்வு