நாகல்கேணியில் கேணி எங்கே? – பல்லாவரமும் அதன் சிற்றூர்களும்





மதரஸாவில் ஒளூவின் பாடத்தைத் தொடங்கும்போது, முதலில் தண்ணீரின் பாடத்தையே நடத்துவது வழக்கம். நிறம், சுவை, வாசனை என்னும் மூன்று தன்மைகளில் ஒன்று அசுத்தம் கலந்து மாறிவிட்டாலும் அத்தண்ணீர் தூய்மைக்கு உதவாது என்று மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த சிறுவன் எழுந்தான். "ஹஜ்ரத், எங்க நன்னி வீட்டுக் கிணத்துத் தண்ணி மஞ்சளா இருக்கும், உப்புக் கரிக்கும், வாடையும் வரும். அதுல ஒளூ செய்யலாமா?" என்று கேட்டான். வீடு எங்கே என்றேன். "நாகல்கேணி" என்றான்.

மார்க்கச் சட்டத்தை விளக்கி அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அவ்வூரின் பெயர் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கேணி என்றால் கிணறு. நல்ல நீர் சுரந்த இடத்திற்குத்தான் நம் முன்னோர் அப்படிப் பெயரிட்டிருப்பார்கள். கேணியைப் பெயரிலேயே கொண்ட ஊரில் குடிதண்ணீர் லாரியில் வருகிறது. இந்த நிலை எவ்வாறு வந்தது? விடை காண வேண்டுமானால் பல்லாவரத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

கல்லும் குடைவரையும்

இந்திய நிலத்தில் மனிதன் வாழ்ந்த தொன்மையை உலகுக்கு அறிவித்த ஊர்களுள் பல்லாவரம் முதன்மையானது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் இங்குள்ள படை மைதானத்தின் சரளைக்குழி ஒன்றில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்தே தொடங்கியது.

ஊரின் பெயர் பல்லவபுரம் என்பதன் மருஉ. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் இங்குள்ள குன்றில் ஒரு குடைவரை அமைத்தான். அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. காலப்போக்கில் அக்குடைவரை தர்காவாகியது. பல்லவ மன்னனின் கல்வெட்டும் முஸ்லிம்களின் நினைவிடமும் ஒரே பாறையில் இருக்கின்றன. இந்த ஊரில் பலரும் பல காலமாகக் கலந்து வாழ்ந்து வந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இப்பகுதியின் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் மிகக் கடினமான பாறையால் ஆனவை. இப்பாறைக்கு அப்பெயரை 1893-இல் சூட்டியவர் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைமேல் பதித்த கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதே காரணம். இந்தப் பாறையின் இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் இதனுள் எளிதில் இறங்காது. மேலே சிதைந்த மண்ணடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே இங்கே கேணி என்பது அருமையான செல்வம். அதில் நஞ்சு கலந்தால் எளிதில் அகலாது.

ஊர்ப்பெயர்கள் கூறும் வரலாறு

பல்லாவரம் தனியொரு ஊரன்று. பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுதி. ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், கீழ்க்கட்டளை, நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம் ஆகியவை ஊரோடு சேர்ந்து வளர்ந்தவை. மேற்கே பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், கவுல் பஜார், திருநீர்மலை ஆகியவை அடையாற்றுப் பக்கம் அமைந்தவை.

இப்பெயர்களில் பல மொழிகள் கலந்திருப்பதைக் கவனியுங்கள். ஜமீன் என்பது நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். கவுல் என்பது நாம் குர்ஆனில் அடிக்கடி ஓதும் 'கவ்ல்' என்னும் அரபுச் சொல். அதன் பொருள் பேச்சு, வாக்கு. நவாபுகள் காலத்து வருவாய்த்துறை வழக்கில், நிலத்திற்கு இவ்வளவு வரி என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்திற்கு அதுவே பெயராயிற்று. ஒரு சிற்றூரின் பெயரில் 'கொடுத்த வாக்கு' என்ற பொருள் இன்றும் ஒளிந்திருக்கிறது.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அதன்பின் தாமஸ் பர்னார்டு என்ற அதிகாரி இச்சீமையின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளைப் பிற்காலத்தில் வெளிக்கொணர்ந்தவர் வரலாற்றாளர் தரம்பால். அறுவடையான நெல்லில் முதலிலேயே பொதுக் காரியங்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கிவைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஏரியைக் காத்துச் செப்பனிடுவதற்கும் அதிலிருந்து பங்கு சென்றது. ஏரியின் பங்கை எடுத்துவைத்த பிறகே மற்றவர்கள் தம் பங்கை வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள். இச்செய்தியை நாம் மறக்கலாகாது.

ஹைதர் அலியின் போர்கள் இச்சீமையை உலுக்கின. 1769-இல் அவருடைய குதிரைப்படை சென்னையின் வாயில்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தது. 1780-இல் மீண்டும் நடந்த போரில் இங்குள்ள ஊர்கள் பெரும் அழிவைக் கண்டன. போர்கள் ஓய்ந்த காலத்தில் பரங்கிமலையும் பல்லாவரமும் கம்பெனிப் படைகளின் இருப்பிடங்களாயின. பரங்கிமலை–பல்லாவரம் கண்டோன்மென்ட் இன்றும் தனி நிர்வாகமாக உள்ளது.

வெள்ளிக்கிழமைச் சந்தையை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. செடி முதல் பழைய இரும்பு வரை அங்கே கிடைக்காத பொருள் இல்லை. பாங்கு கேட்டதும் வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஜும்ஆவுக்குச் செல்லவும், தொழுகை முடிந்ததும் மீண்டும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடவும் நமக்குக் கட்டளை உள்ளது. வெள்ளிக்கிழமையே சந்தை நாளாக உள்ள ஊரில் இக்கட்டளையின் இரு பகுதிகளையும் ஒரே நண்பகலில் கண்ணால் காணலாம்.

தோல் கொடுத்த வாழ்வு

பல்லாவரத்தைச் சிற்றூரிலிருந்து நகராக்கியது தோல் தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழகத்தின் பழைய முறை. அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்தார். அம்முறையில் வேலை சில நாள்களில் முடிந்தது. பின்னர் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்திற்கு அருகே குரோம் லெதர் நிறுவனத்தை அமைத்தார். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பே குரோம்பேட்டை. இன்று அப்பெயரைச் சொல்லும் பலருக்கு அது ஓர் உலோகத்தின் பெயர் என்பது நினைவில் இல்லை.

இத்தொழிலில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது. பெரியமேட்டின் தோல் மண்டிகளும் பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தின் தோல் ஷாப்புகளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அச்செல்வம் கல்வியாகவும் மலர்ந்தது. தோல் வணிகரான ஜமால் முகம்மது சாகிபின் பெயரைத் தாங்கி 1951-இல் திருச்சியில் எழுந்த கல்லூரியை அறியாதவர் யார்? திருநெல்வேலி பேட்டையில் 1896-இல் பிறந்து தோல் வணிகத்தில் ஈடுபட்ட கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் இல்லம் அமைத்து வாழ்ந்தது குரோம்பேட்டையில்தான். அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்து ஆட்சிமொழித் தகுதிக்காக வாதாடியவர் அவர். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலையடிகள் 1911 முதல் தம் இறுதிவரை வாழ்ந்ததும் இதே பல்லாவரத்தில்தான். தமிழுக்காகக் குரல் கொடுத்த இருவர் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சென்னையில் வேலை, பல்லாவரத்தில் வீடு என்னும் வாழ்க்கை அதனால் எளிதாயிற்று. 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. இராமேஸ்வரத்திலிருந்து வந்து அங்கே விமானப் பொறியியல் பயின்றவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவர் கல்லூரியில் சேருவதற்காகச் சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு.

கேணி எங்கே போயிற்று?

இனி அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம்.

பதனிடப்பட்ட தோல் தூய்மையானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இறந்த ஆட்டின் தோலைக்கூட வீணாக்காமல் பதனிட்டுப் பயன்படுத்த வழிகாட்டிய மார்க்கம் நம்முடையது. ஆகவே இத்தொழிலை இழிவாக எண்ண இடமே இல்லை. ஆனால் அத்தோலைத் தூய்மையாக்கிய தண்ணீர் எங்கே சென்றது என்ற கேள்வியை நாம் நெடுங்காலம் கேட்கவில்லை.

தோலைக் கெடாமல் வைக்க உப்பு, முடி நீக்கச் சுண்ணாம்பு, பின்னர் குரோமியம். இவை கரைந்த கழிவுநீர் பல்லாண்டுகள் வாய்க்கால்களிலும் திறந்த நிலத்திலும் ஓடியது. முன்னர் சொன்ன பாறை வெடிப்புகள் வழியே அது கேணிகளை அடைந்தது. நாகல்கேணிப் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கிணற்றின் நிறமும் சுவையும் வாசனையும் மாறின. சுண்ணாம்புக் குழிகளில் முழங்கால் அளவு நின்று உழைத்த ஏழைத் தொழிலாளர்களே அக்கிணறுகளின் அருகில் குடியிருந்தார்கள். இலாபத்தின் பெரும்பகுதி வேறு தெருக்களுக்குச் சென்றது. கழிவு அவர்களின் தெருவிலேயே தங்கிவிட்டது.

1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றும், சுத்திகரிப்பு வசதி இல்லாத தோல் ஆலைகள் இயங்கக்கூடாது என்றும் அது கூறியது. பல்லாவரம் ஆலைகளுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. நன்மையான மாற்றமே. எனினும் பாறைக்குள் இறங்கிய நஞ்சை ஒரு தீர்ப்பு ஒரே நாளில் வெளியேற்றிவிட இயலாது.

அந்தத் தீர்ப்பின் அடிப்படை நமக்குப் புதியதா? தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு இழைக்கவும் கூடாது என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் முதற்பாடங்களில் வருகின்ற விதி. நீதிமன்றம் சொல்லும்வரை நாம் காத்திருந்தோமே என்பதுதான் என் வருத்தம். இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இத்தனை ஆண்டுகள் தண்ணீரின் பாடத்தை நடத்திய நான், ஊர்க் கிணற்றின் நிலையை ஒரு சிறுவன் கேட்ட பிறகே எண்ணிப் பார்த்தேன்.

தோல் தொழிலை மட்டும் குறை சொல்வதும் நீதியன்று. பல்லாவரம் பெரிய ஏரியை ஊடறுத்து துரைப்பாக்கம் ஆரச்சாலை செல்கிறது. அந்த ஏரியில்தான் நம் எல்லோருடைய வீட்டுக் குப்பையும் கொட்டப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது அனகாபுத்தூர், கவுல் பஜார் போன்ற கரையோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. விமான நிலையமே சில நாள்கள் மூடப்பட்டது. அன்று சென்னையெங்கும் பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தண்ணீர் செல்லும் வழியில் வீடு கட்டியவர்களில் நாமும் இருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் பங்கு

2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளும் திருநீர்மலை உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இனிச் சிற்றூர் எல்லைகள் காகிதத்தில்கூட மங்கிவிடும். ஆயினும் ஏரியும் கேணியும் மாநகராட்சியின் பொறுப்பு மட்டுமன்று; நம் கையில் உள்ள அமானிதமும் ஆகும்.

உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃப் செய்தார்கள். நமக்கு இன்று கிணறு வாங்க வேண்டிய தேவையில்லை. இருக்கின்ற கிணற்றைக் காத்தாலே போதும். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒளூ செய்த நீர் சாக்கடைக்குச் செல்கிறதா, மண்ணுக்குச் செல்கிறதா என்று ஜமாஅத் நிர்வாகிகள் பார்க்கட்டும். மஹல்லாவின் பழைய கிணறுகளைக் கணக்கெடுத்து, அவற்றின் நீரை ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கச் செய்யட்டும். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எந்தத் தெருவில் எந்தக் கேணி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்கட்டும். நெல்லை அளக்கும்போது ஏரிக்கு முதற்பங்கு எடுத்துவைத்தவர்களின் ஊரில்தான் நாம் வாழ்கிறோம்.

சென்ற வாரம் அச்சிறுவன் தன் நன்னியிடம் கேட்டுக்கொண்டு வந்தான். நன்னி புதுமணப்பெண்ணாக வந்தபோது அதே கிணற்று நீரில்தான் சோறு பொங்கினார்களாம். நோன்பு திறக்க அந்த நீரைத்தான் பள்ளிவாசலுக்கும் குடத்தில் கொடுத்தனுப்புவார்களாம். "இனிப்பா இருக்குமாம் ஹஜ்ரத்" என்றான்.

அந்த இனிப்பை இப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கேனும் அல்லாஹ் திருப்பித் தருவானாக. அதற்கு உழைப்பவர்களாக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.