ஒரே பெட்டியில் இரண்டா, இடத்துக்கு ஒன்றா?

சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றி மணிக்கணக்கில் விசாரிப்பார்கள். ஹார்ட் டிஸ்க் என்று வந்ததும், “4 டிபி இரண்டு போட்டு மிரர் பண்ணிவிடலாம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு டிஸ்கையும் வைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு வழிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான், கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல. புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் அந்த வித்தியாசம் பெரியது.

முதல் வழி, மிரர் எனப்படும் ரெய்டு 1. இரண்டு டிஸ்கும் ஒரே கேபினட்டுக்குள் இருக்கும். எழுதுவதெல்லாம் அந்தக் கணமே இரண்டிலும் பதியும். 8 டிபி வாங்கினாலும் புழங்கக் கிடைப்பது 4 டிபிதான், விண்டோஸ் அதையும் 3.63 என்று காட்டும். இரண்டாவது வழியில் ஒரு டிஸ்க் மட்டும் கேபினட்டுக்குள் இருக்கும். மற்றதை யு.எஸ்.பி. உறையில் போட்டு, வாரம் ஒருமுறை இணைத்து பேக்கப் எடுத்து, கழற்றி வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும். இங்கும் புழங்குவது அதே 4 டிபிதான்.

எந்த வழியானாலும் விண்டோஸையோ லினக்ஸையோ தனியாக ஓர் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யில் போடுவது நல்லது. மதர்போர்டு கையேட்டையும் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. ஏறியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாமல் போகும். டிஸ்க் தெரியவில்லையே என்று கேபிள் கேபிளாக மாற்றிப் பார்ப்பவர்கள் பலருக்குக் காரணம் இதுதான்.

ரெய்டு ஏன் வந்தது என்று பார்த்தால் அதன் எல்லையும் புரிந்துவிடும். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம் என்றார்கள். எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அப்படி ஒன்று போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காகவே நகலையும் பாரிட்டியையும் வரிசைப்படுத்தி ஐந்து நிலைகளாகச் சொன்னார்கள். மிரர் அதில் முதல் நிலை. ஆக, அது டிஸ்க் சாவுக்கு எழுதிய மருந்து. வீட்டில் ஃபைல் போவதற்கோ வேறு காரணங்கள் ஏராளம்.

ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அழியும். ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் பூட்டும். எஸ்.எம்.பி.எஸ். பழுதாகி அதிக மின்னழுத்தத்தைத் தள்ளினால் ஒரே நொடியில் இரண்டும் கருகலாம். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பேட்ச்சில் வாங்கிய இரண்டும் ஒரே வெப்பத்தில் ஒரே அளவு ஓடியிருக்கும். ஒன்று போனபின் புது டிஸ்கைப் போட்டு 4 டிபியையும் திரும்ப நிரப்ப ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மீந்த கிழட்டு டிஸ்க் தன் வாழ்நாளிலேயே அதிகமாக உழைக்க வேண்டிய நேரம் அதுதான்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஒரு டிஸ்கில் தரவு சத்தமில்லாமல் கெட்டு, இரண்டு பிரதிகளும் வேறுபட்டால், எது சரி என்று சாதாரண மிரருக்குத் தெரியாது. இசட்.எஃப்.எஸ்., பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்திருப்பதால் கெட்டதை அடையாளம் கண்டு நல்லதிலிருந்து திருத்திக்கொள்ளும். மிரர்தான் வேண்டும் என்பவர்கள் லினக்ஸ் தெரிந்தால் அந்தப் பக்கம் போகட்டும். மதர்போர்டு பயாஸில் இருக்கும் ரெய்டை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். போர்டு போய்விட்டால் அதே வகை போர்டைத் தேடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பஸ் ஏற வேண்டிவரலாம்.

இனி ஊர் விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, ராணுவம் வந்து மக்களை மீட்டது. தரையில் மேசைக்கடியில் இருக்கும் கேபினட்டுக்குள் தண்ணீர் ஏறினால் உள்ளே இருப்பது ஒரு டிஸ்கா, நான்கா என்பது கணக்கே இல்லை. லாஸ்பேட்டை மேட்டிலோ திண்டிவனத்து அக்கா வீட்டிலோ ஒரு டிஸ்க் இருந்தால் பிள்ளைகளின் படங்களும் பத்திரங்களின் ஸ்கேன்களும் பிழைக்கும்.

இந்த ஊரில் இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. 1761இல் ஆங்கிலேயர் நகரத்தை இடித்துத் தள்ளியபோதும் அந்த ஏடுகள் தப்பின. 1846இல் கலுவா மோம்பிரேன் என்பவர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆரியேல் என்பவர் இன்னொரு படி எடுத்தார், அது பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1890களில் சென்னை அரசும் ஒரு படி எடுத்துக்கொண்டது. மூலத்தின் சில பகுதிகள் பின்னாளில் கிடைக்காமல் போயின. வெவ்வேறு கைகளில், வெவ்வேறு ஊர்களில் படிகள் இருந்ததால்தான் அந்த இடைவெளிகளை நிரப்ப வழி கிடைத்தது. ஒரே வீட்டில் ஒரே அலமாரியில் இரண்டு படி இருந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே விதிதான்.

மிரரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. முகூர்த்த நாள் முடிந்து மறுநாளே ஆல்பம் கொடுக்க வேண்டிய கல்யாண ஸ்டுடியோவுக்கும், பில்லிங் நின்றால் வியாபாரம் நிற்கும் கடைக்கும் அது தேவை. காலையில் ஒரு டிஸ்க் செத்தாலும் மாலை வரை வேலை ஓடும். வாரப் பேக்கப்பில் அந்த வசதி கிடையாது. கடைசிப் பேக்கப்புக்குப் பின் செய்த ஆறு நாள் வேலை போனது போனதுதான். ஆனால் அப்படிப்பட்டவர்களும் மூன்றாவதாக ஒரு டிஸ்கை வாங்கி வெளியே வைக்கத்தான் வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, இரண்டே டிஸ்க் வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால், என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான்.

அந்த வழியின் பலவீனம் மனிதச் சோம்பல். முதல் பேக்கப்புக்கு 2 டிபி என்றால் நான்கு மணி நேரம் ஆகும், பொடிப்பொடி ஃபைல்கள் என்றால் இன்னும் இழுக்கும். பிறகு மாறியவை மட்டும்தான் போகும் என்பதால் நிமிடக் கணக்கில் முடியும். பழைய வடிவங்களையும் சில மாதம் வைத்திருக்கும்படி மென்பொருளை அமைக்க வேண்டும், இல்லையென்றால் கெட்ட ஃபைல் நல்லதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பேக்கப்பிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பார்க்காதவரை அது பேக்கப் என்று நம்புவதற்கில்லை. ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு டிஸ்கை மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தால் போதும். நீண்ட நாள் கழற்றி வைக்க எஸ்.எஸ்.டி.யை விட ஹார்ட் டிஸ்கே மேல். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யில் தரவு மெல்லக் கசியும்.

1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களிடம் பிறப்புப் பதிவு, தேசியச் சான்று, தாத்தாவின் ராணுவ பென்ஷன் கடிதம் என்று மறுபடி வாங்க அலைய வேண்டிய காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். லீவுக்கு வரும் மகனோ பேத்தியோ பாரிஸ் திரும்பும்போது ஒரு டிஸ்கைக் கையில் கொடுத்துவிட்டால் அதைவிடத் தூரமான பேக்கப் கிடையாது. வீட்டை விட்டுப் போகும் டிஸ்கைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். விண்டோஸ் ஹோமில் பிட்லாக்கர் போட்டுப் புது டிஸ்கைப் பூட்ட முடியாது, இலவசமாகக் கிடைக்கும் வெராகிரிப்ட் அந்த வேலையைச் செய்யும். அதன் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இருக்கும் இடத்தில் இல்லாமல், பேங்க் லாக்கரில் நகையோடு வைத்துவிடுங்கள்.