உயர் குருதியமுக்கமுள்ள தாயும் சிசுவின் கொலஸ்திரோலும்: வன்னியை முன்வைத்து ஒரு விசாரணை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கர்ப்பவதி ஒருத்தியின் கையிற் பட்டியைச் சுற்றி அளந்த அமுக்கம் 140/90 என்னும் எல்லையைத் தாண்டிற்றென்றால், "பிரஷர் கூடிப்போச்சு" என்ற செய்தி வீடு சேர்ந்த அன்றே முட்டையும் தேங்காய்ப்பாற் சொதியும் அவளது கோப்பையிலிருந்து விலகிவிடுவதுண்டு. இரத்தக் கொழுப்பே அமுக்கத்துக்குக் காரணம், அதுவே சிசுவையுஞ் சேரும் என்ற அனுமானமே இவ்விலக்கின் அடிப்படை. அது சாஸ்திரத்துக்கு ஒவ்வாதது என்பதே எமது வாதம்.

ஈஸ்திரஜன் உயர்வும், இன்சுலினுக்குத் தாயின் சரீரம் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்து, சாதாரண கர்ப்பத்திலேயே கொலஸ்திரோலை மூன்றிலொரு பங்களவுக்கும், முக்கிளிசரைட்டை இருமடங்குக்கு மேலும் உயர்த்துகின்றன. இது வியாதியன்று, கர்ப்பத்தைக் காக்கும் புரொஜெஸ்தரோனைச் சூல்வித்தகம் ஆக்குவது தாயின் கொலஸ்திரோலிலிருந்தே.

இருபதாம் வாரத்தின் பின் அமுக்கம் உயர்ந்து சிறுநீரிற் புரதமுந் தோன்றும் பிரீஎக்லாம்சியாவில், முக்கிளிசரைட்டு இன்னும் ஏறுவதைப் பல ஆய்வுகள் கண்டனவாயினும், நோயின் மூலம் ஆகாரத்திலன்று, கருப்பைச் சுவரிலேயே உள்ளது: கர்ப்பத்தின் முற்பாதியில் விரிந்து தளரவேண்டிய சுருளி நாடிகள் குறுகியவாறே நிற்க, சிலரில் அவற்றின் சுவரிற் கொழுப்பு நிறைந்த நுரைக்கலங்கள் படிந்து, முதியோரின் இருதய நாடிகளில் ஆண்டுக்கணக்கில் நிகழும் மாற்றத்தை இளம் பெண்ணொருத்தியின் கருப்பையிற் சில மாதங்களுள் நிகழ்த்திவிடுகின்றன. சூல்வித்தகத்துக்கு இரத்தம் குறைய, சிசு எடை குன்றிப் பிறக்கிறது. ஒட்டுசுட்டானில் ஒரு தாய் முட்டையை விலக்குவதால் இந்நாடி விரியப்போவதில்லை. புரதமே அரிதான வீட்டில் அது மேலும் அரிதாகும், அவ்வளவே.

சிசுவோ தனக்கு வேண்டிய கொலஸ்திரோலிற் பெரும்பங்கைத் தானே ஆக்கிக்கொள்கிறது. தாயின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டிநிற்கும் அளவு, தொப்புள்நாண் இரத்தத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 மாத்திரமே. நேப்பிள்ஸ் நகரின் நாப்போலி குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கொலஸ்திரோல் மிகைத்த தாய்மாரின் கருச்சிசுக்களது பெருநாடியிற் கொழுப்புக் கீற்றுகள் அதிகமாயிருந்தன. தாயினதும் சிசுவினதும் கொலஸ்திரோல் அளவுகளிடையே நெருங்கிய தொடர்போ ஆறு மாதத்துக்குட்பட்ட கருச்சிசுக்களிலேயே காணப்பட்டது. (அங்கே ஆராயப்பட்டது கர்ப்பத்தின் இயல்பான உயர்வன்று, அதற்கும் மேற்பட்ட மிகை என்பதை விலக்குக்காரர் கவனிக்க.) ஆகவே பிறந்த அன்றைய ஒரு துளி இரத்தம், கருவில் நடந்ததற்குத் தக்க சாட்சியன்று.

சாட்சி, கருவில் வளர்ச்சி குன்றியோரின் பிற்கால வாழ்விலேயே கிடைக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிற் பிறந்தோருள், பிறக்கையில் வயிற்றுச் சுற்றளவு குறைந்திருந்தோர்க்கு நடுவயதிற் கொலஸ்திரோல் உயர்ந்திருந்தமையை 1993இல் பார்க்கர் குழுவினர் எடுத்துக்காட்டி, கருவில் ஈரல் வளர்ச்சி குன்றியதே காரணமெனக் கருதினர். 1944–45 ஒல்லாந்துப் பஞ்சத்தைக் கர்ப்பத்தின் முற்பகுதியில் எதிர்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளிடத்தும் இரத்தக் கொழுப்பின் சமநிலை பிறழ்ந்திருந்தது.

வன்னிக்கு இது தூரதேசத்துக் கதையன்று. யுத்தத்தின் இறுதிக் கட்டமான 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிற் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிய கரையோரத்திலும், பின்னர் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலும் பசியும் பயமுமாய்க் கருச்சுமந்த தாய்மாரின் பிள்ளைகள் இன்று பருவமெய்திவிட்டனர். அவர்களுட் பெண்கள் இனித் தாய்மாராவர். அவர்களது பிறப்பெடையும் தாயின் அமுக்கமும் எழுதப்பட்ட அட்டைகள் பல இடப்பெயர்வில் தொலைந்தன. எஞ்சியவற்றையேனும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் திரட்டிப் பேணுதல் வேண்டும். இனிப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பதிவேட்டிலும், தாயின் கர்ப்பப் பதிவிலுள்ள அமுக்க அளவுகளைக் குடும்பநல உத்தியோகத்தர் குறித்துவைக்க, யாழ்ப்பாண மருத்துவபீடம் அப்பிள்ளைகளைத் தொடர்ந்து பரிசோதிக்க முன்வருதல் வேண்டும்.