செயற்கைப் புல்தரையும் சொந்த மைதானமும்

சொந்த ஊரில் ஆடும் அணிக்கு வெற்றி வாய்ப்பு சற்றே கூடுதல் என்பது கால்பந்தாட்ட ரசிகர்கள் அறிந்ததே. உள்ளூர் ஆரவாரம், பயண அலுப்பு இன்மை எனப் பல காரணங்கள் கூறுவர். ஆடுதரையும் ஒரு காரணமாகுமா? இங்கிலாந்தில் நிகழ்ந்ததைக் காண்போம்.

செயற்கைப் புல்தரை முதலில் புகழ் பெற்றது அமெரிக்காவில். ஹூஸ்டன் நகரில் 1965-இல் திறக்கப்பட்ட கூரையிட்ட பேஸ்பால் அரங்கில், போதிய வெளிச்சமின்றிப் புல் மடிந்தது. மறு ஆண்டு அங்கே நைலான் புல்லை விரித்தனர். 1981-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம் செயற்கைத் தரை அமைத்தது. சேற்றுத் தொல்லை இல்லை, நாள்தோறும் ஆடலாம். 1985-இல் லூட்டன் கழகமும், 1986-இல் ஓல்டம், பிரெஸ்டன் கழகங்களும் அவ்வழியே சென்றன.

விருந்தாளி அணிகள் முணுமுணுத்தன. பந்து இரு அணிக்கும் ஒரே மாதிரிதானே துள்ளுகிறது, இதில் அநீதி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மண்ணும் புல்லும் நெகிழ்ந்து, மோதும் பந்தின் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கெட்டியான அடித்தளத்தின் மேல் விரித்த மெல்லிய விரிப்பு அவ்வளவு விழுங்குவதில்லை. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து ஒரு தரையில் 72 செ.மீ. எழும்புவதாகவும், மற்றொன்றில் 1 மீட்டர் எழும்புவதாகவும் கொள்வோம். முதல் பந்து மீண்டும் தரையைத் தொட 0.77 வினாடி ஆகும், இரண்டாவதற்கு 0.90 வினாடி. அப்பந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் முன்னோக்கியும் சென்றால், ஒரு மீட்டருக்கும் அப்பால் தள்ளி விழும்! ஆட்டக்காரர் கணக்குப் போட்டு ஓடுவதில்லை. பல்லாண்டுப் பழக்கத்தால் ஓடுகிறார். உள்ளூர் அணி புதுத்தரையில் அன்றாடம் பழகியது. விருந்தாளிக்கு அவ்வாய்ப்பு ஏது?

ஆயினும் வேடிக்கை பாருங்கள்: 1981 செப்டம்பர் 1 அன்று அத்தரையில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் அணி லூட்டனிடம் தோற்றது! ஓர் ஆட்டம் எதையும் மெய்ப்பிக்காது. பல பருவங்களின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த பார்னெட், ஹில்டிச் இருவரும், செயற்கைத் தரை உள்ளூர் அணிக்குக் கூடுதல் சாதகம் அளித்ததாக 1993-இல் எழுதினர். அதற்குள் ரேஞ்சர்ஸ், லூட்டன், ஓல்டம் மூன்றும் இயற்கைப் புல்லுக்குத் திரும்பியிருந்தன. பிரெஸ்டன் 1994-இல் திரும்பியது.

பிற்காலத்தில் ரப்பர்த் துகள் நிரப்பிய புதுவகைத் தரைகள் வந்தன. 2004-இல் ஆட்ட விதிகள் செயற்கைத் தரைக்கு இடமளித்தன. 2 மீட்டரிலிருந்து விடும் பந்து 60 செ.மீ.க்குக் குறையாமலும் 1 மீட்டருக்கு மிகாமலும் எழவேண்டும் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனம் தரச்சான்றுக்கு விதிக்கும் சோதனைகளுள் ஒன்று. எனினும் ஆங்கில லீக்கினுள் நுழைய, 2020-இல் ஹாரோகேட் கழகமும் 2021-இல் சட்டன் கழகமும் தம் செயற்கைத் தரையை அகற்றிப் புல் வளர்க்க வேண்டியிருந்தது.

உங்கள் பள்ளியின் சிமெண்டுத் தளத்திலும் விளையாட்டுத் திடலிலும் ஒரே பந்தை ஒரே உயரத்திலிருந்து விட்டு அளந்து பாருங்கள். விருந்தாளி அணியின் குறை விளங்கும்.