முன்னால் ஒரு பூஜ்யம்

கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் தாத்தா, மரங்களை எண் சொல்லித்தான் பேசுவார். "அறுநூறுன்னா பால் நல்லா வரும்." அவர் சொன்னது ஆர்.ஆர்.ஐ.எம். 600. முன்னால் உள்ள எழுத்துகள் அந்த ஒட்டுமரம் எங்கே உருவானது என்று காட்டும். ஆர்.ஆர்.ஐ.எம். என்றால் 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். பி.பி. என்றால் இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் முன்பு இருந்த பிராங் பெசார் தோட்டம்.

லினக்ஸ் பேக்கேஜ்களின் பதிப்பு எண்ணிலும் இப்படி ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே ஒரு சிக்கல் கூடுதல். கணினி இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பெரியதைத்தான் எடுத்துக்கொள்ளும். வெளியார் கட்டிய பேக்கேஜின் எண் பெரியதாகிவிட்டால், அதிகாரபூர்வமானது உள்ளேயே வராது.

ஹவாய் பல்கலைக்கழக மாணவர் வாரன் தோகாமி 2002-இல் ஃபெடோராவைத் தொடங்கியபோது அது ரெட் ஹேட்டுக்கு வெளியே இருந்த முயற்சி. ரெட் ஹேட் லினக்ஸில் இல்லாத மென்பொருள்களைப் பேக்கேஜாக்கித் தந்தார்கள். பதிப்பு எண்ணின் வாலில் "0.எஃப்டிஆர்.1" என்று போட்டார்கள். அந்தப் பூஜ்யம் வேண்டுமென்றே வைத்தது. நாளைக்கு ரெட் ஹேட் அதே பதிப்பை "1" என்று வெளியிட்டால் அதுவே ஜெயிக்கட்டும் என்பதற்காக. எம்பி3 போலக் காப்புரிமைச் சிக்கல் உள்ளவற்றைத் தந்த லிவ்னாவும் "0.எல்விஎன்.1" என்றே எழுதியது. 2003-இல் ஃபெடோரா ரெட் ஹேட்டோடு இணைந்தது.

டெபியன்காரர்கள் பிடித்த வழி இன்னும் அழகு. அவர்கள் விதிப்படி "~" என்ற அலைக்குறி, ஒன்றுமே இல்லாததைவிடச் சிறியது. அதனால் "2.0-1~பிபிஓ12+1" எப்போதும் "2.0-1"-க்குக் கீழே. பிபிஓ என்பது பேக்போர்ட்ஸின் அடையாளம். 2010-இல் பேக்போர்ட்ஸ் டெபியனின் அதிகாரபூர்வ சேவை ஆனது. ஆன பிறகும் வாலைக் கழற்றவில்லை. அடுத்த டெபியனுக்கு மாறும்போது இடம்விட வேண்டுமே!

இதற்கு நேரெதிர் எபோக். எண்ணுக்கு முன்னால் "1:" என்று போட்டால் பின்னால் என்ன இருந்தாலும் அதுதான் பெரிது. தேதியையே எண்ணாக வைத்திருந்த மென்பொருள் திடீரென்று 1.0-க்கு மாறும்போது அது தேவைப்படும். ஆனால் ஒருமுறை ஏற்றினால் இறக்க முடியாது.

நான் வேலை செய்த ஓர் இடத்தில், வெளியிலிருந்து எடுத்த பேக்கேஜ் ஒன்றில் அந்த "1:" இருந்தது. பாதுகாப்புத் திருத்தம் வந்து பல மாதம் ஆகியும் ஆப்ட் "இதுதான் புதுசு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நாங்களும் நம்பினோம். கடைசியில் கையால் நீக்கிவிட்டு அதிகாரபூர்வமானதைப் போட்டோம். யார் கட்டியது என்று கேட்கலாம் என்றால், அதன் வாலில் ஓர் எழுத்துகூட இல்லை.