தக்கையின் கனம்: டிரம்பெட் ஒலியடக்கியின் வரலாறு

கிளாடியோ மான்டெவெர்டியின் 'ஓர்ஃபியோ' என்னும் இசைநாடகம் 1607ஆம் ஆண்டு இத்தாலியின் மாந்துவா அரசவையில் அரங்கேறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து அது வெனிஸில் அச்சானபோது, திரை விலகுமுன் மூன்று முறை முழங்க வேண்டிய தொடக்க இசைக்கு ஒரு சிறு குறிப்பு சேர்க்கப்பட்டிருந்தது. டிரம்பெட்டுகளை ஒலியடக்கியுடன் ஊத விரும்பினால் அப்பகுதியை ஒரு முழுச்சுரம் உயர்த்தி இசைக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒலியடக்கி என்பது டிரம்பெட்டின் விரிந்த முனையாகிய மணிவாய்க்குள் செருகப்படும் அடைப்பு. இசைக் கலைஞர்கள் அதை மியூட் என்பர். ஒலியைக் குறைக்க வந்த கருவி சுருதியையும் சேர்த்து உயர்த்திவிட்டது என்பதையும், அதற்கு ஏற்ப மற்ற எல்லா வாத்தியங்களும் தம் சுருதியை மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் அந்த ஒற்றைக் குறிப்பு காட்டுகிறது.

அக்காலத்து ஒலியடக்கி மரத்தைக் கடைந்து, நடுவே ஒடுங்கிய துளையிட்டுச் செய்யப்பட்டது. அது மணிவாயின் உட்சுவரோடு இறுகப் பொருந்தியதால் காற்றுக்கு அத்துளையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. குழலுக்குள் அதிரும் காற்றின் நீளம் குறுகியதுபோல் ஆகிச் சுருதி மேலேறியது. பிரெஞ்சு அறிஞர் மரின் மெர்சென் 1636இல் வெளியிட்ட இசைப் பெருநூலில் இதை விவரித்திருக்கிறார். 1795இல் ஹாலே நகரில் வெளிவந்த ஆல்டன்பர்க்கின் டிரம்பெட் நூல் இதன் பயன்களைத் தொகுக்கிறது: எதிரி அறியாமல் படை பாசறையைக் கலைத்துப் புறப்படும்போதும், இறுதி ஊர்வலங்களிலும், உதட்டு வலிமைக்கான பயிற்சியிலும் இது உதவியது. போரும் சாவும் பயிற்சியும் ஒரே மரத்துண்டை நாடிய அந்தக் காலத்தில் அது மணிவாயில் இறுகி நின்றால் போதும். சுருதி மாறுவதை யாரும் குறையாகக் கருதவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்வுகள் பொருத்தப்பட்ட டிரம்பெட் பரவி, அது எல்லாச் சுரங்களையும் இசைக்கும் முழு உறுப்பினராக இசைக்குழுவில் அமர்ந்தபின் இந்த ஏற்பாடு பயனற்றதாயிற்று. ஒரே பாடலின் நடுவே ஒலியடக்கியைச் செருகவும் எடுக்கவும் வேண்டியிருந்ததால், சுருதியை அசைக்காத ஒன்று தேவைப்பட்டது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1898இல் கொலோனில் அரங்கேறிய 'டான் கிஹோட்டே'யில் ஆட்டு மந்தையின் கத்தலுக்கும், டெபுஸ்ஸி தம் 'நாக்டர்ன்ஸ்' தொகுப்பின் இரண்டாம் பகுதியில் தொலைவிலிருந்து நெருங்கிவரும் ஊர்வலத்துக்கும் ஒலியடக்கிய பித்தளை வாத்தியங்களைப் பயன்படுத்தியது இந்தப் புதிய வகையை நம்பித்தான்.

நேர் ஒலியடக்கி எனப்படும் இந்தப் புதிய வகை ஒரு பொள்ளல் கூம்பு. அதன் ஒடுங்கிய பகுதியில் மூன்று தக்கைப் பட்டைகள் இடைவெளிவிட்டு ஒட்டப்பட்டிருக்கும். மணிவாயின் சுவரைத் தொடுவது அவை மட்டுமே, காற்று அவற்றின் இடையே வெளியேறும். இதனால் பொருத்தம் என்ற சொல்லுக்கே புதிய கனம் ஏற்பட்டது. ஒவ்வொரு தயாரிப்பாளரின் மணிவாயும் வெவ்வேறு விதமாக விரிவதால், தக்கையின் கனம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் கூம்பு உள்ளே நிற்கும் ஆழம் மாறுகிறது. ஆழம் மாறினால் சுருதியும் ஒலியின் நிறமும் கீழ்ச்சுரங்களின் உறுதியும் மாறுகின்றன. ஆகவே எல்லா வாத்தியங்களுக்கும் ஒத்துவருமாறு தயாரிப்பாளர்கள் தக்கையைச் சற்றுத் தடிமனாகவே விட்டுவிடுவதும், வாங்கியவர் உப்புத்தாளால் அதைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் செருகி ஊதிப் பார்ப்பதும் வழக்கமாயின. மான்டெவெர்டியின் காலத்தில் இசைக்குழு முழுவதும் சுமந்த வேலையை இப்போது ஒரு கலைஞர் தனியாக, தம் மடியில் வைத்துச் செய்கிறார் என்று சொல்வது மிகையாகாது.

தேய்ப்பதிலும் நுட்பம் உண்டு. பட்டை தன் நீளம் முழுவதும் சுவரில் படியவேண்டும். ஒரு முனை மட்டும் தொட்டால் ஒலியடக்கி அதிர்ந்து சலசலக்கும், அல்லது இசையின் மென்மையான ஓர் இடத்தில் கழன்று தரையில் விழுந்து அரங்கையே திரும்பிப் பார்க்க வைக்கும். மூன்று பட்டைகளும் ஒரே அளவு குறையாவிட்டால் கூம்பு சாய்ந்து நிற்கும். தக்கை ஓக் மரத்தின் பட்டையாகிய இந்தப் பொருள், நசுக்கினால் பக்கவாட்டில் அதிகம் பிதுங்காமல் சுருங்கி, விட்டதும் மீள்வதால்தான் இவ்வேலைக்கு உகந்ததாகிறது. செருகுமுன் மணிவாய்க்குள் மூச்சை ஊதி ஈரமாக்கி, ஒலியடக்கியைச் சற்றே திருகி வைப்பது பிடிப்பைக் கூட்டும்.

ஜாஸ் கலைஞர்கள் இந்தக் கவனத்தை வேறு திசைக்குக் கொண்டுசென்றனர். நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு வந்த கிங் ஆலிவர் கோப்பைகளையும் கண்ணாடிக் குவளைகளையும் தம் கார்னெட்டின் முன் பிடித்தார். டியூக் எலிங்டன் குழுவின் பப்பர் மைலி, குழாய் அடைப்பை நீக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கையால் திறந்து மூடி உறுமும் ஒலியைப் பெற்றார். இவற்றுக்குப் பொருத்தம் என்பது கையின் அசைவே. சிகாகோவின் நடனக்கூட உரிமையாளரும், பின்னர் 1929இல் திறக்கப்பட்ட சிகாகோ ஸ்டேடியத்தைக் கட்டுவித்தவருமான பேடி ஹார்மனின் பெயரைத் தாங்கிய உலோக ஒலியடக்கியோ பழைய மரத்துண்டின் விதிக்கே திரும்பியது. அதைச் சுற்றித் தக்கை முழு வளையமாக ஓடுவதால் காற்று அனைத்தும் உள்ளே சென்று நடுத்துளை வழியாகவே வரவேண்டும். வளையத்தில் சிறு கசிவு இருந்தாலும் ஒலி கெட்டுவிடும். மைல்ஸ் டேவிஸ் அந்தத் துளையில் இருக்கும் தண்டை எடுத்துவிட்டு ஊதிய மெல்லிய ஒலி 1950களின் இசைத்தட்டுகளில் பதிவாகி, கேட்டவுடன் அவரை அடையாளம் காட்டுவதாயிற்று.

கூம்பின் முனையில் கிண்ணம் சேர்ந்த கிண்ண வகை ஒலியடக்கியில் அளவிட வேண்டியது வேறொன்று: கிண்ணத்தின் விளிம்புக்கும் மணிவாய்க்கும் இடையே உள்ள சில மில்லிமீட்டர் வெளி. அது குறையக் குறைய ஒலி மங்கி அடங்கும். லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் டிராம்போன் கலைஞராக இருந்த டெனிஸ் விக்கின் பெயரில் வந்த வகைகளில் கிண்ணத்தை நகர்த்தி அந்த வெளியை மாற்றலாம் என்பதால், அங்கே உப்புத்தாளின் வேலை பாதி குறைந்தது. மற்ற வகைகளில் அளவு மீறித் தேய்த்த தக்கைக்கு ஒரே மருந்து, பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுப் பட்டை ஒட்டி மறுபடி தொடங்குவதே. வேறொருவருடைய மணிவாய்க்குத் தேய்க்கப்பட்ட ஒலியடக்கியை இரண்டாம் கையாக வாங்குபவரும் பெரும்பாலும் அந்த வேலையிலிருந்து தப்புவதில்லை.