ஒரு ராத்தல் தானியமும் ஒரு மறுப்பும்

தாது வருஷப் பஞ்சம் என்றதும் நம் கண்முன் வருபவை ஹூப்பரின் புகைப்படங்கள்தான். 1876-78இல் சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமாய் நின்றவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து அந்தப் பட்டாள அதிகாரி எடுத்தவை. காலனியத்தைச் சாடும்போது நாமும் அவற்றைத்தான் காட்டுகிறோம். அந்தப் படங்களில் யாரும் பேசுவதில்லை. பசித்தவரை வாயில்லாத வெறும் உடலாக நிறுத்தும் அந்தப் பார்வை, படத்தோடு சேர்ந்து நமக்குள்ளும் வந்துவிட்டது. பிரச்சினை இங்கேதான்.

அந்த உடல் கணக்காக மாறிய விதத்தை முதலில் பார்க்கலாம். 1874இல் பீகார்ப் பஞ்சத்தின்போது ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி தருவித்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டு கிடைக்கவில்லை, 'இவ்வளவு செலவா?' என்று வசவுதான் விழுந்தது. 1877 ஜனவரியில், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்த தில்லி தர்பார் முடிந்த கையோடு, லிட்டன் அவரைத் தெற்கே அனுப்பினார். இந்த முறை டெம்பிள் சிக்கனக்காரர். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம் (சுமார் 450 கிராம்), கூடக் கொஞ்சம் சில்லறை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்: ஒன்றரை ராத்தலும் பருப்பும் காய்கறியும் இல்லாமல் உழைக்கும் உடம்பு தாங்காது என்றார். சில மாதங்களில் சென்னை அரசு கொஞ்சம் இறங்கிவந்து அளவைக் கூட்டியது. கார்னிஷ் மனிதாபிமானிதான், சந்தேகமில்லை. ஆனால் சர்ச்சை இரண்டு துரைகளுக்கு இடையில்தான் நடந்தது. வயிற்றுக்குச் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை.

கேட்காமலே அவர்கள் பதில் சொன்னார்கள். பம்பாய் மாகாணத்துத் தக்காணத்தில் இதே கூலி அமலானதும், ஊரைவிட்டுத் தூரத்து முகாம்களுக்குப் போகச் சொன்னதும், நிவாரண வேலைக்கு வந்த ஜனங்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். சுமார் ஒரு லட்சம் பேர். சாப்பாட்டுக்கு வேறு வழியில்லாதவர்கள் செய்த வேலைநிறுத்தம் இது. நம் தேசியக் கதையாடலோ வேலையையும் சம்பளத்தையும் உதறும் மறுப்பை 1920இன் ஒத்துழையாமையிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.

ஆவணத்தில் பெயரோடு பதிவானது யார்? அவர்களுக்காக மனு எழுதிய பூனா சார்வஜனிக் சபையும் கணேஷ் வாசுதேவ் ஜோஷி போன்ற படித்த மேல்சாதிப் பிரமுகர்களும். சபையின் பணியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மனுவுக்கு முன்னால் நடை இருந்தது. வேலையை விட்டு நடந்தவர்கள் அதிகாரியின் அறிக்கையில் 'பிடிவாதக்காரர்கள்', சபையின் மனுவில் 'பரிதாபத்துக்குரியவர்கள்'. இரண்டு பிரதியிலும் அரசியல் இல்லாதவர்கள்.

இதை வெற்றிக் கதையாக்கவும் கூடாது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு வந்த 1880ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷனும் பஞ்சச் சட்டத்தொகுப்புகளும், உழைத்துக் காட்டினால்தான் சோறு என்ற சோதனையை விதியாக்கின. சரியாக நூறு வருஷம் கழித்து, 1977இல், வேலையைச் சட்டபூர்வ உரிமையாக்கி மகாராஷ்டிரம் சட்டம் இயற்றியது. அதற்குப் பின்னால் 1972 வறட்சியும் அதையொட்டிய போராட்டங்களும் இருந்தன.

எனவே கேள்வி நமக்குத்தான். பசித்தவர் நம்மிடம் இரக்கம் கேட்கிறார் என்றே எப்போதும் எடுத்துக்கொள்கிறோமே, ஏன்? எலும்பும் தோலுமான அதே உடம்போடுதான் அவர்கள் 'இந்தக் கூலி வேண்டாம்' என்றும் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை எந்தப் புகைப்படக் கருவியும் பிடிக்கவில்லை. வரலாறு எழுதுகிறவர்களாவது பிடிக்க வேண்டாமா?